பாலாற்றுப் பாலமும் பிச்சாவரத்துக் கழியும்

பாலாறு என்றதும் தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு வாணியம்பாடியும் வேலூரும்தான் நினைவுக்கு வரும். நந்திமலைப் பக்கம் பிறந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலில் சேரும் பெரிய ஆறு அது. பழனிக்காரர்களைக் கேட்டால் பாலாறு–பொருந்தலாறு அணையைச் சொல்வார்கள். மைசூரில் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கோ பாலாறு வேறு. கொள்ளேகால், ஹனூர் தாண்டி, மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கி, கொளத்தூர் வழியாக மேட்டூருக்கும் சேலத்துக்கும் போகிற சாலையில் ஒரு பாலம், ஒரு சோதனைச் சாவடி, இரண்டு பக்கமும் காடு. பாலத்துக்கு இந்தப் பக்கம் கன்னடப் பலகை, அந்தப் பக்கம் தமிழ்ப் பலகை. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை இந்த இடம் மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது இந்தப் பாலத்தைக் கடந்தால் 'அப்பாடா, நம்ம ஊரு வந்தாச்சு' என்று பிள்ளைகள் கத்துவது எங்கள் வீட்டு வழக்கம்.

இந்தச் சின்னப் பாலாறு அங்கேதான் காவிரியோடு சேர்கிறது. சேர்கிறது என்று சொல்வதைவிட, மேட்டூர் அணையின் தேங்கு நீரில் கரைந்துபோகிறது என்பதே சரி. அணையில் 120 அடி நிரம்பினால் தண்ணீர் பாலம் வரை ஏறி நிற்கும். வற்றினால் மைல் கணக்கில் வண்டல் தரை தெரியும். அதில் சுற்று ஊர்க்காரர்கள் கடலையும் சோளமும் போட்டு விடுவார்கள். பண்ணவாடிப் பக்கம் நீர் இறங்கும்போது முழுகிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய மாதாகோயில் கோபுரமும் வெளியே தலைகாட்டும். பத்திரிகைகள் வருடா வருடம் அந்தப் படத்தைப் போடுவது வழக்கம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணை எத்தனை ஊர்களை இடம் பெயர்த்தது என்பதற்கு அந்த நந்திதான் சாட்சி.

கடற்கரையைப் பற்றி எழுதப் புகுந்தவன் எதற்காக மலைக்காட்டுப் பாலத்தில் தொடங்குகிறேன் என்று அன்பர்கள் கேட்கலாம். நம் நாட்டில் கடற்கரைப் பாதுகாப்பு என்றால் கடலை மட்டுமே பார்க்கிறோம். கடற்கரையை உண்டாக்குவது ஆறு. காவிரிப் படுகையின் வண்டலும், கழிமுகங்களின் நன்னீரும், அலையாத்திக் காடும், அதை நம்பி வாழும் மீனும் மனிதரும் எல்லாம் மேலே உள்ள மலைகளிலிருந்து இறங்கி வருகிற கணக்கில் அடங்கியவை. குடகில் பெய்து, கிருஷ்ணராஜ சாகரத்தில் தங்கி, நம் மைசூருக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டுப் போகிற தண்ணீரில் மிச்சம்தான் கொள்ளிடத்து முகத்தில் உப்பைக் கரைக்க வேண்டும்.

முதலில் மீனின் கதையைச் சொல்லிவிடுகிறேன். உல்லம் என்றொரு மீன். வங்காளிகள் உயிரை விடும் இலிஷ் மீன் அதுவேதான். கடலில் வளர்ந்து, ஆற்றில் வெள்ளம் வரும்போது எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறி நன்னீரில் முட்டையிடும். கங்கையில் மட்டுமா, காவிரியிலும் கொள்ளிடத்திலும் அது ஏறிவந்த காலம் ஒன்று உண்டு. 1836 வாக்கில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டியபோதே அதன் வழியில் முதல் சுவர் விழுந்தது. மீன் கீழணைக்கு அடியில் வந்து முட்டி நின்றது. வலைக்காரனுக்கு வேலை சுலபமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே சென்னை மாகாண மீன்துறையினர் கீழணையில் உல்லம் மீனின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் சோதனைகளைத் தொடங்கிவிட்டார்கள் என்றால், குறைவது அப்போதே கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்? 1934க்குப் பிறகு மேட்டூர் அணை வெள்ளத்தையே பிடித்து வைத்துக்கொண்டது. வெள்ளம் என்ற அழைப்பு வராதபோது மீன் ஏன் வரும்? காவிரியில் உல்லம் அருகிப் போயிற்று. கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போன நம்மவர்கள் அங்கே இந்த மீனை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் வியந்து பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். நம் பாட்டன் முப்பாட்டன் ஆற்றில் பிடித்த மீன் அது.

மேட்டூரைக் கட்டியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தஞ்சைக்குச் சோறு போட்ட அணை அது. ஆனால் அணைக்கு விலை உண்டு என்பதையும், அந்த விலையை நெல் விளைந்தவன் கட்டவில்லை, கழிமுகத்து மீனவன் கட்டினான் என்பதையும் நம் பாடப்புத்தகங்கள் எழுதவில்லை.

இனி பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சின்னஞ்சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் காடு. நம் தலைமுறைக்கு அது 'இதயக்கனி' எடுத்த இடம். 1975இல் வந்த அந்தப் படத்தில் எம்.ஜி.ஆர். படகில் துரத்தும் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வயதுக்காரர்கள் பலர் பிச்சாவரம் என்ற பெயரையே தெரிந்துகொண்டோம். தமிழ் இலக்கியத்துக்கு இந்தக் காடு புதிதல்ல. சங்கத்து நெய்தல் பாட்டுகளில் கண்டல் மரம் கடற்கரைச் சிற்றூருக்கு வேலியாக நிற்கிறது. அந்தக் கண்டல் என்ற சொல்லே மலையாளக் கரை வழியாக ஐரோப்பியர் கையேறி, தாவரவியலில் 'கண்டேலியா' என்று ஒரு மரப் பேரினத்துக்கு லத்தீன் பெயராயிற்று. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததும் இந்தக் காட்டு மரத்தால்தான். தில்லை மரம் அலையாத்தி வகை. அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. நடராசர் கோயிலின் தல விருட்சம் இன்று கோயிலைச் சுற்றி இல்லை, அதைப் பார்க்கக் கழிக்கரைக்குத்தான் போக வேண்டும்.

இந்தக் காடு எப்படிக் கெட்டது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. நான் முதல்முறை போனபோது, 'இந்தப் பக்கத்து ஜனங்கள்தாம் விறகுக்கு வெட்டி, மாட்டை மேயவிட்டு அழித்துவிட்டார்கள்' என்றே உடன் வந்த படித்தவர் ஒருவர் சொன்னார். அதையே பல அறிக்கைகளும் சொல்லிக்கொண்டிருந்தன. உண்மை வேறு. ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டி எடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த அந்தக் கூப்பு வெட்டு, சுதந்திரம் வந்த பிறகும் நிற்கவில்லை. 1970களின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது. மலைக்காட்டில் கூப்பு வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், விதை முளைக்கும். அந்தக் கணக்கை அப்படியே கழிக்காட்டில் போட்டார்கள். இங்கே நடந்தது என்ன? நிழல் போனதும் ஈரச் சேறு வெயிலில் காய்ந்து உள்வாங்கியது. தீவின் நடுப்பகுதி தாம்பாளம் போல் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த உப்புத்தண்ணீர் வடியும்போது வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. வருடம் ஆக ஆக உப்பு ஏறி, கடல்நீரைவிடக் கடுமையாகி, விழுந்த விதை ஒன்றும் பிழைக்கவில்லை. கால்வாய் ஓரத்தில் மட்டும் சுரபுன்னை வரிசையாக நின்றதால் படகில் போகிறவர்களுக்குக் காடு செழிப்பாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் இறங்கி நடந்தால் வெறும் பொட்டல்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990களில் அவர்கள் கிராமத்து மக்களோடும் வனத்துறையோடும் உட்கார்ந்து பேசி, மண்ணையும் நீரையும் சோதித்து, குற்றவாளி மாடும் விறகும் அல்ல, தேங்கிய உப்பு நீர் என்று முடிவுக்கு வந்தனர். வைத்தியமும் எளியதாக இருந்தது. பொட்டலின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல இருக்கும். ஓத நீர் நாளைக்கு இருமுறை உள்ளே வந்து வெளியே போகும். அது போகும்போது உப்பையும் கழுவிக்கொண்டு போகும். உப்பு குறைந்ததும் வாய்க்கால் கரையில் நட்ட கன்றுகள் பிழைத்தன. வாய்க்கால் வெட்டியதும் கன்று நட்டதும் சுற்றுக் கிராமத்து ஆண்களும் பெண்களும்தான். அதற்கென்று ஊர்க்குழு, அதில் பெண்களுக்கும் இடம். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், 1986க்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தில் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியது தெரிந்தது. வேலி போட்டு, காவல் வைத்து, அபராதம் விதித்த காலத்தில் வராத காடு, மண்வெட்டி பிடித்தபோது வந்தது.

கிள்ளைப் பக்கத்து இருளர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருளர் என்றால் மலையும் பாம்பும் எலிவளையும் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே உள்ளவர்கள் கழியில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில், வெறுங்கையால் சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். வலை இல்லை, படகு இல்லை, கடலோர மீனவர் பஞ்சாயத்தில் இடமும் இல்லை. நிலமும் சாதிச் சான்றிதழும்கூட அவர்களிடம் இல்லை. சான்றிதழ் இல்லாதவர் அரசாங்கத்தின் கண்ணுக்குப் பழங்குடி ஆகமாட்டார். பள்ளி உதவித்தொகையும் வீட்டு மனையும் எட்டாது. காட்டுப் பணி தொடங்கியபோது அவர்கள் முதலில் கேட்டது மரக்கன்று அல்ல, அந்தச் சான்றிதழ்தான். அது கிடைக்கவும், பிள்ளைகளுக்குப் பள்ளி வரவும், வலையும் படகும் வாங்கவும் நிறுவனத்தினர் உதவினர். சும்மா சொல்லக்கூடாது, இதைச் செய்த பிறகுதான் 'காட்டைக் காப்போம்' என்ற பேச்சு அவர்கள் காதில் ஏறியது. எம்.ஜி.ஆர். நகரில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, முன்னெல்லாம் காட்டுக்காரங்க வந்தா நாங்க தண்ணிக்குள்ள மூழ்கி ஒளிஞ்சுக்குவோம். இப்ப அவங்களே வந்து வாய்க்கா தூந்துபோச்சான்னு கேக்குறாங்க." இந்த ஒரு மாற்றத்துக்கே பல வருடம் ஆகியிருக்கிறது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1990களில் இதே கரையில் இறால் பண்ணைகள் புற்றீசல் போல முளைத்தன. நெல் வயலை வாங்கிக் குளம் வெட்டி, உப்புநீர் நிரப்பி, ஏற்றுமதி இறால் வளர்த்தார்கள். பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் உப்பாயின. கூலி வேலை செய்த பெண்களுக்கு நடவும் களையும் இல்லாமல் போயிற்று. நாகை மாவட்டத்தில் லாஃப்டி அமைப்பின் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியினர் காந்தி வழியில் போராடி, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1991ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை வைத்து, நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 டிசம்பர் 11 அன்று அந்த மண்டலத்துக்குள் பாரம்பரிய முறைகள் நீங்கலான இறால் குளங்களை அகற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனி ஆணையச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு வேறு வழி திறந்துவிட்டது. 'வளர்ச்சி' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யாருக்கு என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தது அந்த வழக்கு.

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தது. கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் துடைத்தெடுக்கப்பட்டன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் தண்ணீர் வேகம் தணிந்து ஏறியது; உயிர்ச்சேதம் மிகக் குறைவு. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்துப் பேராசிரியர் கதிரேசன் தம் சகாவோடு சேர்ந்து 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து, மரங்கள் காத்தன என்று 2005இல் எழுதினார். அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழிலும் கடலூர் மாவட்டத்தை வைத்து அப்படியொரு கட்டுரை வந்தது. வேறு சில அறிஞர்கள் மறுத்தார்கள்: காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன, அதனால்தான் தப்பின என்பது அவர்கள் வாதம். இரண்டையும் படித்துப் பார்த்தால் மறுப்பில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. காடு பேரலையை முழுதாய் நிறுத்திவிடும் என்று நம்பி, ஒரு வரிசை சவுக்கை நட்டுவிட்டு அதன் பின்னால் ஜனங்களைக் குடிவைப்பது ஆபத்து. ஆனால் அந்த ஊர்கள் தள்ளி இருந்ததற்குக் காரணமே நடுவில் காடு இருந்ததுதானே? மரம் நிற்கிற இடத்தில் மனிதன் வீடு கட்டவில்லை. அதுவும் ஒரு காவல்தான்.

இப்போது மறுபடி நம் பாலாற்றுக்கு வருகிறேன். அங்கேயும் காட்டைக் காக்கத்தான் செய்கிறார்கள். 1987இல் காவிரி வனவிலங்குச் சரணாலயமும், 2013இல் மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. யானையும் சந்தனமும் உள்ள காடு, காக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாலத்தின் வரலாற்றில் வெடியும் துப்பாக்கியும்தான் அதிகம். 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் அங்கே மாண்டனர். பின் நடந்த தேடுதல் வேட்டையில் மலைக்கிராமத்து அப்பாவிகள் பட்ட பாட்டைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. வீரப்பன் 2004 அக்டோபரில் இறந்த பிறகும் அமைதி முழுதாக வரவில்லை. தேங்கு நீரில் பரிசல் போட்டு மீன் பிடிக்கப் போகிறவனுக்கு எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. காவலருக்கு அவன் வேட்டைக்காரனா மீன்காரனா என்று இருட்டில் தெரியாது. 2014 அக்டோபரிலும் 2023 பிப்ரவரியிலும் இப்படி உயிர்ப்பலி நேர்ந்து, பாலத்தில் போக்குவரத்து நின்றது. அந்த நாட்களில் ஊருக்குப் போக வேண்டியிருந்த நம்மவர் பலர் வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள். ஒரே ஆற்றின் இரண்டு கரைகள். கீழ்க்கரையில் ஊர்க்குழுவும் மண்வெட்டியும் செய்து காட்டியதை மேல்க்கரையில் இரண்டு மாநிலமும் உட்கார்ந்து ஏன் செய்து பார்க்கக்கூடாது? அணைமீன் பிடிப்பவர்களுக்கு உரிமச்சீட்டு, எல்லை மிதவை, இரு மாநில வனத்துறையும் ஊர்ப் பெரியவர்களும் மாதம் ஒருமுறை கூடும் குழு — இவற்றுக்குப் பெரிய பணமே தேவையில்லை.

தண்ணீர்க் கணக்கையும் சொல்ல வேண்டும். காவிரி என்றாலே நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திப் பேசுவோம். 1991 டிசம்பரில் மைசூரிலும் பெங்களூரிலும் இருந்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அன்று எங்களைத் தம் வீட்டில் இரண்டு நாள் வைத்துக் காத்தவரும் அடுத்த வீட்டுக் கன்னடக்காரர்தான். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், 'தண்ணி வீணா கடலுக்குப் போகுது' என்பது. 2007 பிப்ரவரி 5 அன்று நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பைப் பாருங்கள். மொத்தம் 740 டி.எம்.சி. அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி 14 யாருக்கு? சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டின் பங்கில் 14.75 எடுத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தபோதும் இந்தப் பதினான்கில் கை வைக்கவில்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் சேர்த்து நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதையும் வீண் என்கிறோம்.

மழை கொட்டும் வருடங்களில் ஏராளமாகக் கடலுக்குப் போகிறதே என்பார்கள். போகிறது. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளே உடைந்து போயின. ஆனால் கழிக்கு வேண்டியது பத்து நாளில் பாய்ந்து ஓடும் வெள்ளம் மட்டும் அல்ல, மாதக்கணக்கில் மெல்ல இறங்கும் நன்னீர். அது குறைந்ததால், உப்பைத் தாங்காத கண்டேலியா போன்ற இனங்கள் பிச்சாவரத்திலிருந்து மறைந்துவிட்டன என்று தாவரவியலார் எழுதியிருக்கிறார்கள். தன் பெயரை லத்தீனுக்குக் கொடுத்த கண்டல் தன் ஊரில் இல்லை. எந்த உப்பையும் தாங்கும் வெண்கண்டல்தான் இன்று பெரும்பங்கு.

2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பெயர்ப் பலகை வந்தது, சுற்றுலாப் பயணிகளும் கூடினார்கள். நல்லதுதான். ஆனால் மீன்முள் வாய்க்கால் ஒருமுறை வெட்டினால் போதாது. சேறு தூர்ந்துகொண்டே இருக்கும். தூர் வாரக் கூலி யார் கொடுப்பது, ஊர்க்குழுவின் சொல் எழுத்தில் எங்கே நிற்கும், கையால் தடவி மீன் பிடிக்கும் இருளருக்கு உள்காட்டில் எது வரை உரிமை என்ற கேள்விகளுக்குப் பலகையில் பதில் கிடையாது.

நடுவர் மன்றம் ஒதுக்கிய அந்தப் பத்து டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் மாதக் கணக்கில் அடங்கியது. அங்கிருந்து ஒகேனக்கலில் விழுந்து, பாலாற்றுப் பாலத்தருகே மேட்டூர்த் தேங்கு நீரில் கலக்கிறது. கலந்த பிறகு எது பயிருக்கு, எது ஆற்றுக்கு என்று தண்ணீரில் பெயர் எழுதி ஒட்ட முடியாது. சென்ற முறை பிச்சாவரம் போனபோது துடுப்புப் போட்ட இளைஞரிடம் இந்தக் கணக்கையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அந்த நம்பரெல்லாம் தெரியாது ஐயா. ஐப்பசியில தண்ணி செம்மண் கலர்ல மாறும். மாறினா இறால் நல்லா இருக்கும். போன ரெண்டு வருஷத்துல ஒரு வருஷம் மாறுச்சு, ஒரு வருஷம் மாறல" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார்.